பதினோரடி விலக்கு

ஹேடன் மில்ஸ், மாசசூசெட்ஸ்
12 ஜனவரி 1997

அன்புத் தங்கை வின்னிக்கு,

நான் சுகம். பனி தள்ளித் தள்ளி இடது தோள் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது. உன் முழங்கால் எப்படி? தொலைபேசி இணைப்பை நிறுத்திவிட்டதாகக் கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தாய். விற்பனைக்காரர்கள் தொல்லை என்று யாராவது போனையே நிறுத்துவார்களா? போகட்டும், உன் கோழிக்கிறுக்கல் கையெழுத்தையாவது பார்க்கலாம்.

எங்கள் ஊர்க் கட்டட மனை விதிக் குழுவுக்கு ஒருவழியாக வேலை வந்திருக்கிறது. ஒன்பது வருஷமாக அதில் உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை வந்ததெல்லாம் கார்க் கொட்டகையும் நாய்க் கூண்டும்தான். இந்த முறை சர்ச்சே விண்ணப்பம் போட்டிருக்கிறது. பழைய பொத்தான் ஆலை இருந்த மனையில், வருமானம் குறைந்த முதியவர்களுக்குப் பதினான்கு சின்ன வீடுகள் கட்ட வேண்டும் என்று பாஸ்டர் ஆஸ்குட் ஒற்றைக் காலில் நிற்கிறார். மனையோ கரண்டிக் காம்பு மாதிரி ஒடுக்கம். வேலிக்கும் சுவருக்கும் நடுவே முப்பதடி விட வேண்டும் என்பது ஊர் விதி. கிழக்குப் பக்கம் அவரால் பத்தொன்பதடிதான் விட முடிகிறது. மீதிப் பதினோரடிக்கு விலக்குக் கேட்கிறார். குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம். நாலு பேர் சம்மதித்தால்தான் விலக்கு.

கிழக்கு வேலிக்காரர் எவரெட் புரூயிட். முதல் விசாரணையிலேயே எழுந்துவிட்டார். "என் சமையக்கட்டு ஜன்னல்ல நின்னா அவங்க பல்செட்டைக் கழட்டுறது தெரியும். எனக்கு எதுக்குய்யா அந்தக் காட்சி?" என்றார். பாஸ்டர் அசரவில்லை. "ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கித் தர்றேன் எவரெட், உங்களுக்குப் பிடிச்ச கலர்ல" என்றார். கூடமே சிரித்தது. எனக்கும் சம்மதம் சொல்லத்தான் தோன்றுகிறது.

சர்ச்சில் உன்னை விசாரித்தார்கள். கடலோர வீட்டில் ஆரஞ்சு மரத்தடியில் சௌக்கியமாக இருக்கிறாள் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
தெல்மா


புளோரிடா
26 ஜனவரி 1997

அன்புள்ள அக்கா,

உன் தோளுக்கு என் அனுதாபம். பனியைத் தள்ளாதே, மார்ச்சில் அதுவாகப் போய்விடும். என் முழங்கால் கதவு மாதிரி கிறீச்சிடுகிறது. மோட்டல் சலவை அறையில் எட்டு மணி நேரம் நிற்கிறேன், கிறீச்சிடாமல் என்ன செய்யும்?

கடல் இங்கிருந்து நாற்பது மைல். ஆரஞ்சு மரம் பக்கத்து டிரெய்லர் வீட்டுக்காரருடையது. காற்றடித்தால் இரண்டு பழம் என் பக்கம் விழும். அவ்வளவுதான் என் தோட்டம். சர்ச்சில் சொல்லும்போது இதையும் சேர்த்துக்கொள்!

அந்தப் பதினான்கு வீடுகளைப் பற்றி இன்னும் எழுதேன். படி ஏற வேண்டியிருக்குமா? குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? இப்போது அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும்தானா? என்னோடு வேலை செய்யும் ஒருத்திக்கு இப்படி ஓர் இடம் தேவைப்படுகிறது, அதனால் கேட்கிறேன்.

என் டேல் கண்ணை மூடி, வருகிற மாதத்தோடு மூன்று வருஷம். அவன் இருந்திருந்தால் அந்தக் கூரைகளைத் தானே போட்டுத் தருகிறேன் என்று கிளம்பியிருப்பான்.

முத்தங்களுடன்,
வின்னி


ஹேடன் மில்ஸ்
9 பிப்ரவரி 1997

அன்புள்ள வின்னி,

நலம்தானே? இங்கே குழாய் உறைந்து இரண்டு நாள் பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கினேன். மற்றபடி குறையில்லை.

உன் சிநேகிதிக்குச் சொல். படி கிடையாது, எல்லாம் தரைத்தளம். கம்பி உண்டு. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் முதலிடம், மற்றவர்கள் அப்புறம். பெயர்களைப் பாஸ்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். ஆனால் புளோரிடா வெயிலை விட்டுவிட்டு இந்தக் குளிருக்கு வர எவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

போன சனிக்கிழமை குழுவாகப் போய் மனையைப் பார்த்தோம். முழங்கால் பனியில் நாடா பிடித்து அளந்தது நான்தான். பத்தொன்பதடி மூன்றங்குலம். தீயணைப்பு வண்டி தாராளமாகப் போகும். புரூயிட் கூடவே வந்து, "இந்தப் பக்கம் என் கிணறு இருக்கு, அந்தப் பக்கம் என் நாய் புதைச்ச இடம் இருக்கு" என்று காட்டிக்கொண்டே இருந்தார். தலைவர் நார்மன் டில்லர்டுக்குப் பொறுக்கவில்லை. "எவரெட், நாய் ஆட்சேபணை சொல்லுதா? சொன்னா எழுத்துல குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

குழுவில் இருக்கும் பல் டாக்டர் எதிர்ப்பார். மற்ற நாலு பேரும் சரி சொல்லிவிடுவோம். ஏப்ரல் எட்டாம் தேதி வாக்கெடுப்பு.

அன்புடன்,
தெல்மா


புளோரிடா
18 பிப்ரவரி 1997

அன்பு அக்கா,

நீ பனியில் நாடா பிடித்து நின்ற காட்சியை நினைத்துச் சலவை அறையில் தனியாகச் சிரித்தேன். கூட இருந்தவள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தாள். காய்ச்சல் இல்லை, நன்றாகவே இருக்கிறேன்.

என் சிநேகிதி விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். அதிலிருந்து துள்ளிக் குதிக்கிறாள், முழங்கால் இருக்கிற லட்சணத்தில். பனி பார்த்து எத்தனையோ வருஷமாம். அவளும் அந்தப் பக்கத்துக்காரிதான்.

ஒன்று கேட்கட்டுமா? அவள் இளவயதில் வீட்டாருக்குப் பிடிக்காத ஒருவனோடு கிளம்பி வந்தவள். இப்போது கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிப் போனால் ஊர் எப்படிப் பார்க்கும்? பழசை எல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள் என்று நான் சொன்னேன். சரிதானே?

பதில் போடு. சீக்கிரம் போடு.
வின்னி


ஹேடன் மில்ஸ்
30 மார்ச் 1997, ஈஸ்டர்

அன்புள்ள வின்னி,

ஈஸ்டர் வாழ்த்துகள். உன் உடல்நலத்துக்காகப் பிரார்த்தித்தேன். பதில் தாமதமாகிவிட்டது. வேலைகள்.

பொத்தான் ஆலை விஷயத்தை மறுபடி யோசித்தேன். புரூயிட் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கூரையிலிருந்து சரியும் பனி அவர் வேலியில்தான் விழும். கிணற்றுக்கும் அது நல்லதல்ல. விதி என்று ஒன்றை எழுதிவைத்துவிட்டு, கேட்கிறவர் நல்லவர் என்பதற்காக மீறினால், நாளைக்குக் கெட்டவன் வந்து கேட்கும்போது என்ன சொல்வது? இன்றைக்குப் பதினோரடி, நாளைக்கு இருபதடி.

நான் இன்னும் முடிவு செய்யவில்லை. உன் சிநேகிதி இதை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தப் பக்கமே நல்ல இடங்கள் இருக்கும்.

மற்றவை பின்னர்.
தெல்மா


புளோரிடா
3 ஏப்ரல் 1997

அக்கா,

நலம். நீயும் நலமாக இரு. இது எட்டாம் தேதிக்குள் உன் கைக்கு வர வேண்டும் என்று தபால் நிலையத்திலேயே நின்று எழுதுகிறேன்.

உனக்கு என்ன ஆயிற்று? நாடா பிடித்து அளந்தவள் நீ. தாராளம் என்று எழுதியவள் நீ. பனி சரிந்தால் தகரம் வைத்துத் திருப்பலாம், டேல் நூறு வீட்டுக்கு அப்படிச் செய்திருக்கிறான். கிணறு இப்போதும் அங்கேதான் இருக்கிறது, பிப்ரவரியிலும் அங்கேதான் இருந்தது.

பதினான்கு பேர், அக்கா. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர். எனக்கு உன் சட்டமெல்லாம் தெரியாது. நீ சின்ன வயதிலிருந்தே நியாயக்காரி. அதை நம்பி எழுதுகிறேன்.

வின்னி


ஹேடன் மில்ஸ்
10 ஏப்ரல் 1997

அன்புள்ள வின்னி,

நாம் இருவரும் சுகமாக இருக்க இறைவன் அருள்வாராக. உன் கடிதம் ஏழாம் தேதியே வந்துவிட்டது.

விலக்கு தோற்றது. ஆதரவு மூன்று, எதிர்ப்பு இரண்டு. நாலு வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தேன். பல் டாக்டரோடு நானும் கை தூக்கவில்லை.

டில்லர்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "தெல்மா, கேள்வி புரிஞ்சுதா? சம்மதம்னா கை தூக்கணும்" என்றார். "புரிஞ்சுதான் தூக்கலை, நார்மன்" என்றேன். பின்வரிசையில் யாரோ ஒரு பெண், "அளக்கப் போனப்ப ஒரு பேச்சு, இப்ப ஒரு பேச்சா?" என்று சத்தம் போட்டாள். புரூயிட் கை தட்டினார். பாஸ்டர் வரைபடங்களைச் சுருட்டப் பார்த்தார். அவை திரும்பத் திரும்ப விரிந்துகொண்டன. கடைசியில் அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

மறுபடி இதே திட்டத்தைக் கொண்டுவர இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவும் விதி.

தோள் இப்போது பரவாயில்லை.
தெல்மா


புளோரிடா
18 ஏப்ரல் 1997

அன்பு அக்கா,

தோள் தேவலை என்றதில் சந்தோஷம்.

இனி மறைத்து என்ன பயன்? சிநேகிதி என்று ஒருத்தியும் இல்லை. நான்தான்.

எங்கள் டிரெய்லர் வீடுகள் நிற்கும் இடத்தை டிசம்பரிலேயே விற்றுவிட்டார்கள். ஜூன் முப்பதுக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும். என் டிரெய்லருக்கு வயது முப்பத்தொன்று. நகர்த்தினால் நடுவில் ஒடிந்துவிடும் என்று இழுவை வண்டிக்காரன் சிரித்தான். போனை நிறுத்தியதற்கும் விற்பனைக்காரர்கள் காரணமில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அன்றைக்கு டேலோடு லாரியில் ஏறும்போது நீ வாசலில் நின்று, "பிச்சை எடுத்துட்டுத் திரும்பி வருவே, பாரு" என்றாய். பிச்சை எடுத்துக்கொண்டு வராமல், ஊரில் பிறந்தவள் என்ற உரிமையில், என் பெயரில் ஒரு சாவியோடு வந்து உன் கதவைத் தட்டி, "அக்கா, காப்பி போடு" என்று நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. பாஸ்டர் எழுதியிருந்தார்.

உன்மேல் கோபமில்லை. உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கை தூக்கியிருப்பாய்.

இப்போது ஓர் உதவி செய். மோட்டல் போனில் பாஸ்டரிடம் பேசினேன், தீர்ப்பு பதினாறாம் தேதி பதிவானதாம். இருபது நாளுக்குள், அதாவது மே ஆறுக்குள், நீதிமன்றம் போகலாமாம். ஆனால் குழு நடந்துகொண்ட விதத்தில் ஏதாவது பிசகு இருந்தால்தான் நிற்கும், எனக்கு ஒன்றும் தென்படவில்லை என்கிறார் பாஸ்டர். விதிப் புத்தகத்தை நெட்டுருப் போட்டவள் நீ. தேடிப் பார். ஒரு சின்னப் பிசகு போதும். இருந்தால் உடனே எழுது.

உன் பதிலுக்குத் தினமும் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
வின்னி


ஹேடன் மில்ஸ்
12 மே 1997

அன்புள்ள வின்னி,

எனக்குக் கடுமையான சளிக்காய்ச்சல். மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். உன் கடிதத்தைப் பிரிக்கக்கூட முடியவில்லை. பிரித்தபோது ஆறாம் தேதி தாண்டிவிட்டது. இல்லாவிட்டாலும் பிசகு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நீ முன்பே சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் மிகவும் சங்கடமாக இருக்கிறது.

என் வீடு உன் வீடு மாதிரி. ஆனால் படுக்கையறை மூன்றும் மாடியில். பதினாறு படி. உன் முழங்காலுக்கு அது ஒத்துவராது என்பதுதான் யோசனை. அங்கே அரசாங்க உதவி ஏதாவது இருக்கும், விசாரித்துப் பார்.

இத்துடன் ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன்.
தெல்மா


புளோரிடா
2 ஜூன் 1997

தெல்மா,

நீ நலம் என்று தெரியும். பாஸ்டர் எழுதியிருக்கிறார்.

அந்த நல்ல மனிதர் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து எழுதிய கடிதம் அது. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுதவில்லை. பிப்ரவரி இருபத்துமூன்றாம் தேதி, ஆராதனை முடிந்து சர்ச் வாசலில், என் பெயர் பட்டியலில் முதலாவது என்று உன்னிடம் சொன்னாராம். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாயாம். "உங்க அக்கா பாவம், சொந்தம்னு பார்க்காம விதிப்படி நடந்துட்டாங்க, அவங்க மேல வருத்தப்படாதீங்க" என்று எனக்கே சமாதானம் சொல்கிறார். மூன்று வாரம் படுத்துக் கிடந்தவள் ஏப்ரல் கடைசி ஞாயிறு பாடகர் குழுவில் தனிப்பாட்டுப் பாடினாயாம். அழகாக இருந்ததாம்.

தங்கை பெயர் பட்டியலில் இருக்கும்போது அக்கா அந்த வாக்கெடுப்பில் உட்காரவே கூடாதாம். இங்கே இலவசச் சட்ட உதவி மேசையில் உட்காரும் பெண் புத்தகத்தைத் திருப்பி ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். "இது போதுமே, மொத்தத் தீர்ப்பும் செல்லாதுன்னு போடலாமே, தேதி என்ன?" என்றாள். தேதியைச் சொன்னேன். புத்தகத்தை மூடிவிட்டாள்.

நான் கேட்ட பிசகு நீதான்.

ஜார்ஜியாவில் ஒரு பக்கவாதக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மடக்குக் கட்டில். அவள் இருக்கும்வரை எனக்கும் இடம். விலாசம் உறையின் பின்புறம்.

ஏன் என்று மட்டும் எழுது. வேறெதுவும் எழுதாதே. கம்பளிச் சட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். ஜார்ஜியாவில் வெயில்.

வினிஃப்ரெட்


ஹேடன் மில்ஸ்
15 ஜூன் 1997

வின்னி,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நீ போன நாளிலிருந்து உன்னைப் பற்றி ஊருக்குப் பொய் சொல்லி வந்தேன். முதலில் அம்மாவுக்காக. பிறகு எனக்காக. டேலுக்குச் சொந்தத் தொழில், கடலோர வீடு, படகு. முப்பத்தெட்டு வருஷம் கட்டிய வீடு அது. பாஸ்டர் வாசலில் சொன்னபோது நான் அவர் கையைப் பிடித்தது சந்தோஷத்தில் அல்ல, விழாமல் இருக்க.

எல்லாரும் போய்வரும் சாலையில், தர்ம வீட்டு வாசலில், மோட்டல் சலவைக்காரியாக நீ துணி உலர்த்துவாய். கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லிச் சிரிப்பாய். உனக்கு வெட்கமே கிடையாது. அதுதான் எனக்குப் பயம். "ரெண்டு ரூம் காலியா இருக்கே தெல்மா, தங்கச்சி ஏன் அங்க இருக்கா?" என்று கேட்பார்கள். தனியாக இருந்து பழகிவிட்டேன். என் சமையலறையில் காலையில் இன்னொருத்தி நிற்பதை நினைத்தாலே மூச்சு முட்டியது.

புரூயிட்டின் கிணற்றைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் கிடையாது. காய்ச்சலும் இல்லை. உன் கடிதம் ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி வந்தது. அன்றே படித்தேன். பிசகு எங்கே என்று அன்றே தெரியும். ஆறாம் தேதி போகட்டும் என்று காத்திருந்தேன்.

தையல் மெஷினை எடுத்துவிட்டுக் கீழறையில் கட்டில் போட்டிருக்கிறேன். நீ வரமாட்டாய். இருந்தாலும் போட்டிருக்கிறேன்.

தெல்மா


ஹேடன் மில்ஸ்
5 அக்டோபர் 1997

அன்புள்ள வின்னி,

ஜூலையிலும் ஆகஸ்டிலும் எழுதிய கடிதங்கள் திரும்பி வரவில்லை. ஆகவே உனக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். முழங்கால் எப்படி என்று கேட்க மாட்டேன். நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாள் நீண்ட காலம் இருக்கட்டும்.

மனையைச் சர்ச் விற்றுவிட்டது. வாங்கியவர் வரிசையாகத் தகரக் கிடங்குகள் போட்டிருக்கிறார், வீட்டில் வைக்க இடமில்லாத சாமான்களை வாடகைக்குப் பூட்டி வைக்க. கிழக்கில் சரியாக முப்பதடி விட்டிருக்கிறார். விலக்குத் தேவைப்படவில்லை. பாஸ்டர் ஆஸ்குட் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார்.

போன செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் தங்கை பெயர் பட்டியலில் இருந்தது தெரிந்தே உட்கார்ந்தேன், தெரிந்தே எதிர்த்தேன், தெரிந்தே கெடு முடியும்வரை மறைத்தேன் என்றேன். கடலோர வீடு பொய் என்றும் சொன்னேன். பதவியை விடுகிறேன் என்று எழுதிய தாளை மேசையில் வைத்தேன். என்ன நடக்கும் என்று நினைத்தேன் தெரியுமா? கத்துவார்கள், துப்புவார்கள், பத்திரிகையில் போடுவார்கள் என்று.

டில்லர்டு தாளை மடித்து என்னிடமே நீட்டினார். "உக்காருங்க தெல்மா. முடிஞ்சதைப் போட்டுக் கிளறாதீங்க. இதெல்லாம் பதிவுல வேணாம்" என்றார். பல் டாக்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஏப்ரலில் பின்வரிசையில் சத்தம் போட்டவள்கூட வந்து தோளில் தட்டி, "ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒண்ணு இப்படி இருக்கும், என்ன பண்றது" என்றாள். அவள் சொன்ன அந்த 'ஒண்ணு' நீ. நான் இல்லை.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் புரூயிட் தொப்பியைக் கழற்றினார். "சொந்த ரத்தம்னு பாக்காம விதியைப் பாத்தீங்களே, அதுக்குப் பெரிய மனசு வேணும்" என்றார். நேற்று என் வாசற்படியில் ஒரு கூடை ஆப்பிள் இருந்தது. அவர் வைத்ததுதான்.

இன்னும் மூன்று வருஷத்துக்கு என்னையே நியமித்திருக்கிறார்கள். நான் மறுத்துப் பேசினேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஊரில் யாருமே என்னைத் திட்ட மாட்டேன் என்கிறார்கள், வின்னி. திட்டத் தெரிந்தவள் ஒருத்தி வருவதாக இருந்தாள். அவளைத்தான் நான் வரவிடவில்லை. ஒரு வரி போதும். என்ன வார்த்தை வேண்டுமானாலும் எழுது. தபால்காரர் பத்தரைக்கு வருகிறார். நான் பத்து மணிக்கே வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

தெல்மா